மூன்று முறை வந்த ஆட்டம்

திரை மறுபடியும் கறுத்தது.

"செத்துட்டு," என்றாள் முஃபீதா. "காலைலருந்து எத்தன தடவ செத்துச்சின்னு கணக்கே இல்ல அண்ணாச்சி. பேசாம இதுக்கு ஒரு கபரு வெட்டிரலாம்."

ஐயம்பெருமாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூக்கம் வந்தால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தார். போலீஸ் வேலையை விட்டுவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டி வருஷங்கள் ஓடிவிட்டன. வருகிற வழக்குகளில் பாதி, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது. மீதிப் பாதி, மாப்பிள்ளை இப்படி ஆகிவிட்டாரே என்று விசாரிப்பது. கீழே பஸ்கள் அலறிக்கொண்டே இருந்தன.

எதிரே ஷம்ஸியா உட்கார்ந்திருந்தாள். மேலப்பாளையத்துப் பெண். முப்பதை நெருங்கும் வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மடியில் ஒரு பழைய சிடி உறை. அதன்மேல் இருந்த ஆங்கில எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன.

"இந்த ஆட்டத்துக்குப் பேர் என்னம்மா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் ஐயம்பெருமாள்.

"என்னமோ ஒரு பேரு சார். நாங்க கப்பல் ஆட்டம்னுதான் சொல்லுவோம். வாப்பா இருக்கும்போது வாங்கிக் குடுத்தது. காக்காவும் நானும் ஒரே கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி வெளையாடுவோம்."

காக்கா என்று அவள் சொன்னது அவளுடைய அண்ணன் ரசீதை. ரசீத் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஒருவர் தன் முறையை ஆடி, அதை அப்படியே ஒரு கோப்பாகச் சேமித்து ஈமெயிலில் அனுப்புவார். மற்றவர் அதைத் திறந்தால் எதிராளி என்ன செய்தார் என்பது முதலில் படம்போல ஓடும். பிறகு தன் முறை. அவள் ஆடி அனுப்புவாள். அவன் ஷார்ஜாவில் திறப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரசீத் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லி விமானம் ஏறினான். திருவனந்தபுரத்தில் இறங்கியது வரை போலீஸ் உறுதி செய்தது. அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர் யாருமில்லை. கடைசியாக ஷம்ஸியா ஆடி அனுப்பிய முறைக்குப் பதில் வரவேயில்லை.

இப்போது வந்திருக்கிறது. ரசீதின் ஈமெயிலிலிருந்து ஒரே கோப்பு, மூன்று முறை. கூட ஒரு சொல்கூட இல்லை. அவள் அனுப்பிய எந்தக் கேள்விக்கும் பதிலில்லை. ஸ்டேஷனில், எவனோ பாஸ்வேர்டைத் திருடியிருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார்," என்றாள் ஷம்ஸியா. "தொறந்து பாத்தா ஆடுனது அவன்தானான்னு நான் கண்டுபுடிச்சிருவேன். ஆனா நாங்க வெளையாடுன பழைய கம்ப்யூட்டர் போன வருசம் கெட்டுப் போச்சு. என் புது லேப்டாப்புல அது தொறக்க மாட்டேங்கு."

"எங்க லேப்டாப்புலயும்தான்," என்றாள் முஃபீதா. கணினி படித்துவிட்டு, வேலை தேடி அலுத்து, ஐயம்பெருமாளிடம் வந்து சேர்ந்தவள். வாய் மட்டும் அலுத்ததில்லை. "பழைய விண்டோஸ் மாதிரி நடின்னு சொல்லிப் பாத்தேன், நடிச்சிது. ஆரம்பத்துல வார சினிமாவ வெட்டி எறிஞ்சேன். கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர் உண்டாக்கியும் பாத்தேன். கப்பல் கடலுக்கு வந்ததும் கவுந்துருது."

"ஏன் கவுழுது?"

"ஆட்டத்துக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான் அண்ணாச்சி. அசல் சிடிதானான்னு சோதிச்சிட்டுத்தான் ஆட விடுவான். புது விண்டோஸ் அந்தக் காவக்காரன திருட்டுப்பயன்னு நெனச்சு வாசல்லயே நிப்பாட்டிருது. அவன் வராம ஆட்டம் நகராது. ரெண்டு பேரும் யோக்கியன். நடுவுல நாம சாவுதோம்."

ஐயம்பெருமாள் கண்ணைத் திறந்தார்.

"அப்பம் நமக்கு ஓடாதது அவனுக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?"

முஃபீதா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அனுப்பினவன் யாராயிருந்தாலும் ஆட்டத்த ஆடி, சேமிச்சு அனுப்பியிருக்கான். அவங்கிட்ட பழைய கம்ப்யூட்டர் இருக்கு. ஏம்மா, ஒங்க காக்காகிட்ட அப்படி ஏதும் இருந்துதா?"

"ஷார்ஜாவுல ஒரு பழைய லேப்டாப் வச்சிருந்தான் சார். அவன் காணாமப் போன பெறவு ரூம்ல இருந்தவங்க அவன் பெட்டிய கார்கோவுல அனுப்பி வச்சாங்க. அதுல லேப்டாப்பும் வந்துட்டு. போர்டு எரிஞ்சு கெடக்கு."

"பெட்டியில என்ன வந்துதுன்னு கேக்கல. என்ன வரல?"

ஷம்ஸியா நெற்றியைச் சுருக்கினாள். மனசுக்குள் அந்தப் பெட்டியை மறுபடி திறந்து பார்ப்பது தெரிந்தது. சட்டைகள், செருப்பு, உம்மாவுக்கு வாங்கிய சால்வை, லேப்டாப், அதன் ஒயர்.

"சிடி," என்றாள் மெதுவாக. "அங்கன போய் இதே ஆட்டத்துக்கு இன்னொரு சிடி வாங்குனான். அது பெட்டியில இல்ல. நான் யோசிக்கவே இல்ல சார்."

"வெளையாட முடியாத லேப்டாப்ப விட்டுட்டு, சிடிய மட்டும் கைப்பையில போட்டுக்கிட்டு ஏறியிருக்கான்." ஐயம்பெருமாள் எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. "சாவப் போறவன் சிடி எடுத்துட்டுப் போமாட்டான். வாங்க."

தான் சொன்னது உண்மையாக இருக்க வேண்டுமே என்று படியிறங்கும்போது அவருக்குப் பயமாக இருந்தது. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பறிக்கிற வேலையை அவர் நிறையச் செய்திருக்கிறார்.

*

ஜெபகனியின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டு வைத்த குகை அது. ஜெபகனி ஐயம்பெருமாளோடு பள்ளியில் படித்தவர்.

"என்னவே, கேஸு இல்லாம இங்கன வர மாட்டீரே," என்றார் ஜெபகனி.

"ஓடுற பழைய பொட்டி ஒண்ணு வேணும்."

"என்னையே பாத்துக்கிட்டு நிக்கீரு."

"ஓடுறதுன்னு சொன்னேன்."

ஜெபகனி சிரித்துக்கொண்டே ஒரு மூலையிலிருந்த துணியை விலக்கினார். மஞ்சள் பூத்த பெட்டி. பட்டனை அழுத்தியதும் மாவு மில் போல இரைந்தது. முஃபீதா சிடியைப் போட்டாள். ஆட்டம் ஏறியது. நீலக் கடல் விரிந்தது. கடல் கறுக்கவில்லை.

"காவக்காரன் உள்ள வந்துட்டான்," என்று கிசுகிசுத்தாள் முஃபீதா.

ஷம்ஸியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தாள். எதிராளியின் முறை படமாக ஓடத் தொடங்கியது.

ஒரு கப்பல் ஒரு கட்டம் போனது. திரும்பி வந்தது. வேறு பக்கம் ஒரு கட்டம் போனது. நின்றது. மறுபடி திரும்பியது. அடுத்த கப்பலும் அப்படித்தான். ஒவ்வொன்றும் இருட்டில் சுவரைத் தடவுகிறவன் மாதிரி போய்ப் போய் வந்தது.

ஷம்ஸியாவின் தோள்கள் தளர்ந்தன.

"இது காக்கா இல்ல," என்றாள். "அவன் முழுசா யோசிச்சு முடிக்காம மவுஸ தொட மாட்டான். தொட்டா ஒரே போக்குல எல்லாக் கப்பலும் போயிரும். இது யாரோ ஆடத் தெரியாதவன்."

அவள் அழவில்லை. சிடியை எடுப்பதற்குக் கையை நீட்டினாள். இரண்டு வருஷமாக எல்லாக் கதவுகளும் மூடிய பிறகு, இன்னொரு கதவும் மூடியதைப் பார்க்கிற சலிப்புதான் அந்த முகத்தில் இருந்தது.

"நில்லும்மா," என்றார் ஐயம்பெருமாள். "எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. போனது வந்தது எல்லாத்தையும் விடு. கடைசியில கப்பலுங்க எங்கன நிக்கி? நல்ல எடமா, கெட்ட எடமா?"

ஷம்ஸியா திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் துறைமுகத்த ரெண்டு பக்கமும் அடச்சிருக்கு," என்றாள். குரல் மாறியிருந்தது. "வடக்க ஒண்ணு, தீவுக்குப் பின்னால ஒண்ணு. இனி நான் எந்தப் பக்கம் வந்தாலும் அடி. இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல."

"இது யாரு புத்தி?"

"காக்கா புத்தி."

"தல ஒங்க காக்காது. கை வேற ஒருத்தன்து. ஒருத்தன் சொல்லுதான், இன்னொருத்தன் நகத்துதான்."

"கை ஒடஞ்சிருக்குமோ?" என்றாள் முஃபீதா.

ஐயம்பெருமாள் ஜெபகனி பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரிப் பொட்டிய இன்னும் எவம்வே வச்சிருக்கான்?"

"வீட்டுல ஒருத்தனும் இல்ல. ரெண்டே எடம்தான். பட்டறையில பழைய மிஷினுக்கு ஒண்ணு ஓடும். இல்லன்னா ரோட்டோரத்துல எடைமேடை. லாரி எடை போடுதாம்லா, அந்த மென்பொருள் புதுசுல ஏறாது. அதனால பழசையே கட்டிக்கிட்டு அழுவான்."

"ஷம்ஸியா, மெயிலு எந்தெந்த நாள் வந்துது?"

அவள் போனைப் பார்த்தாள். "மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம. அப்புறம் ஆயுத பூஜையன்னிக்கு. மூணாவது போன வாரம், வியாழக்கெழம."

"போன வியாழன்," ஐயம்பெருமாள் தாடையைத் தடவினார். "அன்னிக்குக் குவாரி லாரிக்காரன் ஸ்டிரைக்கு. பைபாஸ்ல தூசி இல்லாம நடந்து போனேன், அதான் நெனவிருக்கு. ஞாயிறு லாரி குறைச்சல். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிப்பாட்டியிருப்பான். பட்டறைக்கு லாரி ஸ்டிரைக்கு என்ன? அது பாட்டுக்கு ஓடியிருக்கும். லாரி நின்னா கை சும்மா இருக்கிறவன் ஒருத்தன்தான்."

"எடைமேடைக்காரன்," என்றாள் முஃபீதா. "ஆனா ஜில்லா பூரா எடைமேடை அண்ணாச்சி. ஒவ்வொண்ணா ஏறி எறங்குனா நாமளே லோடு மாதிரி ஆயிருவோம்."

"ஜெபகனி, இந்தப் பக்கத்து எடைமேடையெல்லாம் உம்ம கைதான? இப்பம் சமீபத்துல எவனாவது எடை போடுறதுக்குத் தேவையில்லாததக் கேட்டானா?"

ஜெபகனி யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒருத்தன் ஸ்பீக்கர் கேட்டாம்வே! கங்கைகொண்டான் ரோட்டுல இருக்கான். எடை பாக்குற பொட்டிக்கு ஸ்பீக்கர் எதுக்குன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டான். சும்மா ஸ்பீக்கரும் இல்ல. இடப்பக்கத்துச் சத்தம் இடப்பக்கமும், வலப்பக்கத்துச் சத்தம் வலப்பக்கமும் தனித்தனியாத் தெரியணும்னு நின்னு சோதிச்சு வாங்கிட்டுப் போனான். சங்கிலிபூதத்தான்னு பேரு."

ஷம்ஸியா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"சங்கிலி," என்றாள். "ஷார்ஜாவுல காக்கா ரூம்ல ஒரு சங்கிலி இருந்தாங்க. அவங்க வச்ச கொழம்பப் பத்தியே பேசுவான். நான் அது பட்டப்பேருன்னு நெனச்சேன்."

ஐயம்பெருமாள் திரையில் நின்ற கப்பல்களைப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு சத்தம். வலப்பக்கம் ஒரு சத்தம். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வதென்றுதான் விளங்கவில்லை. காரில் ஏறியும் சொல்லவில்லை.

*

தாழையூத்தைத் தாண்டும்போது மழை பிடித்தது. கங்கைகொண்டானுக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அந்த எடைமேடை இருந்தது. தரையோடு தரையாக நீண்ட இரும்புப் பலகை. அதன் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. சுற்றிலும் சேறு. சேற்றுக்குப் பயந்து மூன்று பேரும் இரும்புப் பலகை மேல் ஏறி நடந்தார்கள்.

மைக் கரகரத்தது. "ஏ, யாருவே மேடையில? வண்டி இல்லாமலே நூத்தித் தொண்ணூறு கிலோ காட்டுது! எறங்குங்க!"

முஃபீதா அப்படியே நின்றாள். "ஊருக்கே சொல்லிட்டான். நல்லவேள, தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லல."

அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆள் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஷம்ஸியாவைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த மைக் மேஜையில் இறங்கியது. அவளை அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூக்கையும் நெற்றியையும் தினமும் பார்க்கிறவன்.

"வந்துட்டியா தாயி," என்றான் சங்கிலிபூதத்தான். வெகுநாளாய்த் தூக்கி நின்ற எதையோ கீழே வைக்கிறவன் குரல்.

அறையின் பின்பாதியைப் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சங்கிலி, யாரு? லாரியா?"

ஷம்ஸியா தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள்.

கட்டில் ஓரத்தில் ரசீத் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். தாடி ஒழுங்காக வெட்டியிருந்தது, சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது, யாரோ கவனமாகப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று தெரிந்தது. அவனுடைய இரண்டு பக்கமும் பலகையில் ஒவ்வொரு ஸ்பீக்கர். அவள் நேர் எதிரே போய் நின்றாள். அவன் கண்கள் திறந்துதான் இருந்தன. அவை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றன.

"யாரு?" என்றான் ரசீத் மறுபடியும்.

ஷம்ஸியா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் ஒரு சத்தம் கசிந்தது. அது போதும் அவனுக்கு.

"ஷம்ஸியா?"

அவன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தான். பிறகு முகத்தைத் தடுப்பின் பக்கம் திருப்பினான். "சங்கிலி! நீ சொன்னியா? சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட வாக்குக் குடுத்தியே!"

"சொல்லல," என்றான் சங்கிலிபூதத்தான் தடுப்புக்கு வெளியே நின்றபடி. "ஒரு வார்த்த சொல்லல. இந்தப் பிள்ள எழுதி எழுதிக் கேட்டதுக்கெல்லாம்கூடப் பதில் போடாம வயித்த எரிச்சிக்கிட்டு இருந்தேன். ஆட்டத்த மட்டும் அனுப்புனேன். கப்பல் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டு நீ சொல்ல, நான் நகத்துனேன். ஆடி முடிச்சிட்டு, சும்மா சேமிச்சு வையிலேன்னு சொன்ன. சேமிச்சேன். அத பென்டிரைவுல எடுத்து ஒம் போன்ல ஏத்தி அனுப்புனேன். அது வாக்குல வராது."

"மூணு தடவையா?" என்றாள் முஃபீதா.

"மொத தடவ புரியலியோன்னு நெனச்சேன்."

ஐயம்பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய வேலை இத்தோடு முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

ரசீத்தான் பேசினான். யாரையும் பார்க்காமல், அலுத்துப்போன குரலில், யாரோ ஒருத்தனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். ஷார்ஜாவிலேயே பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. ரூமில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பட்டுவிட்டது, போனது திரும்பாது, இருக்கிறதும் நிற்காது என்றார். அதற்கு முன்பே வேலையை விட்டு ஊர் வந்திருந்த சங்கிலியைத் திருவனந்தபுரத்துக்கு வரச் சொன்னான். விமானத்திலிருந்து இறங்கும்போது மிச்சமிருந்தது ஒரு குழாய் அளவு வெளிச்சம். இப்போது அதுவும் இல்லை.

"ஏன் வீட்டுக்கு வரல?" என்றாள் ஷம்ஸியா.

"ஒனக்கு அப்பத்தான் மாப்பிள்ள பேசி முடிச்சிருந்துது. இப்படி ஒரு காக்கா வந்து நடு வீட்டுல உக்காந்தா அவங்க என்ன நெனப்பாங்க? இது ரத்தத்துல வார நோயோன்னு யோசிப்பாங்க. இல்லன்னா நீயே, காக்காவப் பாக்கணும், நிக்காஹ் வேண்டாம்னு நிப்ப. நீ அப்படித்தான் செய்வ." அவன் மூச்சு வாங்கினான். "ஒன் நிக்காஹ் முடியட்டும், பெறவு சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். பெறவு எப்படிச் சொல்லன்னு தெரியல. நாள் போயிட்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "மச்சான் வெளிய நிக்காரா? உள்ள வரச் சொல்லு. நனைவாரு."

"எந்த மச்சான்?" என்றாள் ஷம்ஸியா.

அவள் கட்டிலுக்கு இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

"நீ இல்லாம யாரு எனக்கு வலியா நிப்பா?"

ஐயம்பெருமாள் முஃபீதாவைப் பார்த்தார். அவள் அவர் காதருகே குனிந்தாள். "வலின்னா நிக்காஹ்ல பொண்ணுக்குப் பொறுப்பா நின்னு குடுக்கிற ஆம்பள, அண்ணாச்சி. வாப்பா இல்லன்னா கூடப்பொறந்தவன், அவனும் இல்லன்னா வாப்பாவோட தம்பி, சாச்சா."

"சாச்சா நிக்கேன்னாரு," என்றாள் ஷம்ஸியா. "நான்தான் ஒத்துக்கல. எங்க காக்கா மவுத்தாயிட்டான், செத்துட்டான்னு யாரும் எங்கிட்ட சொல்லல, அவன் வரட்டும்னுட்டேன். அவங்க கொஞ்ச நாள் பொறுத்தாங்க. பெறவு வேற எடத்துல முடிச்சிட்டாங்க. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நல்ல மனுசங்கதான்."

ரசீத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தத் தோள்கள் குலுங்குவதைப் பார்க்க மாட்டாமல் சங்கிலிபூதத்தான் வெளியே மழையில் போய் நின்றான்.

ஷம்ஸியா அண்ணனைத் தொடவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. ஓரமாகக் கிடந்த பையை எடுத்துக் கொடியில் தொங்கிய சட்டைகளை மடித்து அதில் வைக்கத் தொடங்கினாள். அலமாரியில் இருந்த ஒரு சின்னக் குப்பியை எடுத்துப் பார்த்தாள்.

"இந்தச் சொட்டு மருந்து எத்தன வேள?" என்று வெளியே பார்த்துக் கேட்டாள்.

"காலைலயும் ராத்திரியும் தாயி," என்றான் சங்கிலிபூதத்தான் மழையிலிருந்து. "வலி அடங்குறதுக்குத்தான். ராத்திரி மறந்துருவான், நீதான் கேட்டுப் போடணும்."

"நான் வாரேன்னு சொல்லலியே," என்றான் ரசீத்.

"நான் கேக்கலியே," என்றாள் ஷம்ஸியா, இன்னொரு சட்டையை மடித்தபடி.

*

வண்டி கிளம்பும்போது சங்கிலிபூதத்தான் கார் ஜன்னலுக்குள் கையை விட்டு ரசீதின் தலையை ஒருமுறை தடவினான். "போயிட்டு வால மக்கா," என்றான். அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. பின்னால் ஒரு லாரி எடைக்கு வந்து ஹாரன் அடித்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

பின் சீட்டில் அண்ணனும் தங்கையும் இரண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பை. வண்ணார்பேட்டை நெரிசலைக் கடந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, மேலப்பாளையத்துக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து, தெருவில் ஆட்கள் பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தெருமுனை வந்துட்டா?" என்று கேட்டான் ரசீத்.

"வந்துட்டு," என்றாள் ஷம்ஸியா.

"சார், வண்டிய இங்கனயே நிப்பாட்டுங்க. நான் நடந்து போறேன்."

"சேறா இருக்குப்பா. வாசல்லயே எறக்கி விடுதேன்," என்றார் ஐயம்பெருமாள்.

"வேண்டாம் சார். முன்னப்பின்ன தெரியாத கார் ஒண்ணு வாசல்ல வந்து நின்னு, ரெண்டு பக்கமும் கதவு தொறந்தா, உம்மா என்னய மையத்தா, பொணமாக் கொண்டாந்திருக்குன்னு நெனச்சிருவா. நடந்து வாரதப் பாக்கட்டும்."

ஐயம்பெருமாள் பிரேக்கை மிதித்தார்.

ஷம்ஸியா இறங்கி மறுபக்கம் வந்து கதவைத் திறந்தாள். ரசீத் அவள் தோளைத் தேடிக் கையை வைத்தான். அவள் வழக்கமான வேகத்தில் இரண்டு அடி எடுத்து வைக்க, அவன் தடுமாறினான். நின்றாள்.

"பைய போ," என்றான் அவன்.

அவள் பைய நடந்தாள். எதிரே வந்த ஒருவர் உற்றுப் பார்த்து அப்படியே நின்றார். ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ "ஏ, நம்ம ரசீத்தான அது!" என்று கத்தினார்கள். தெருவின் கடைசியில் பச்சைக் கதவு ஒன்று திறக்கத் தொடங்கியது.

ஐயம்பெருமாள் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"பாக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்றாள் முஃபீதா. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள்.

"போலீஸ்ல இருக்கும்போது எத்தனையோ வீட்டு வாசல்ல போய் நின்னுருக்கேன் பிள்ள. எல்லாம் ஆத்துல எடுத்த செய்தி, தண்டவாளத்துல எடுத்த செய்தி. எந்த வாசல்லயும், நான் வாய் தொறக்கதுக்கு முன்னாலயே என் மொகத்தப் பாத்து அழ ஆரம்பிச்சிருவாங்க." அவர் தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். "இந்த வாசல்ல என் மொகம் வேண்டாம்."

பின்னால் ஒரு பெண்குரல் உயர்ந்து எழுந்தது. அழுகையா, கூப்பிடுவதா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஐயம்பெருமாள் கண்ணாடியை ஏற்றாமல் ஓட்டினார்.